முதன்முறை தீபாவளிப் பட்டாசுக் கடை போடுகிறவர்களுக்கு: முதலில் இடம், பிறகுதான் சரக்கு

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, இந்த வருஷம் நாமளும் ஒரு பட்டாசுக் கடை போடலாம்னு இருக்கேன். ஆடிப்பெருக்கு அன்னைக்கே சிவகாசி போய் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன்." சரி தம்பி, கடை எங்கே என்று கேட்டால், "அதை அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று பதில் வரும்.

இந்தத் தொழிலில் கைப்பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலானோர் இப்படித் தலைகீழாகத் தொடங்கியவர்கள்தான். சரக்கு வந்து இறங்கிவிடும், இடம் கிடைக்காது, கிடைத்த இடத்துக்கு உரிமம் கிடைக்காது. கடைசியில் வீட்டு ஹாலிலோ, யாரோ ஒருவரின் மளிகைக் கடைப் பின்கட்டிலோ பண்டல்களை அடுக்கி வைப்பார்கள். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பின்கட்டுக்கு மேல்மாடியில் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தீபாவளிக்காக மட்டும் தற்காலிகக் கடை போட நினைப்பவர்களுக்கான வழி இது. வருடம் முழுக்க நடத்தும் நிரந்தரக் கடைக்கு நடைமுறை கொஞ்சம் வேறு.

யாருடைய சட்டம், யாரிடம் போக வேண்டும்

பட்டாசுக்கான சட்டம் மத்திய அரசுடையது. வெடிபொருள் சட்டம் 1884-ல் வந்தது. அதன் கீழ் இப்போது நடப்பில் இருப்பவை 2008-ன் வெடிபொருள் விதிகள். தொழிற்சாலை, பெரிய குடோன் எல்லாம் பெசோ என்று சொல்லப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கின்றன. நாம் போடுகிற சின்னக் கடைக்கு உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம். மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் கையெழுத்தில் வரும். சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகம்.

அந்த உரிமத்துக்கு எல்.இ-5 என்று பெயர். அதற்கான விண்ணப்பப் படிவம் ஏ.இ-5. இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் "பட்டாசு லைசென்ஸ்" என்று கேட்டால் நாலு இடத்துக்கு அனுப்புவார்கள். "தற்காலிக எல்.இ-5" என்று கேட்டால் நேராக உரிய மேஜைக்குப் போய்விடலாம்.

முதல் வேலை: டேப்பை எடுத்துக்கொண்டு இடம் பார்ப்பது

இடத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டடத்துக்குள் கடை. இன்னொன்று மைதானத்தில் தகர ஷெட் போட்டு வைக்கும் கடை. இரண்டுக்கும் விதிகள் வெவ்வேறு.

கட்டடம் என்றால் விதி 83-ஐப் பார்ப்பார்கள். செங்கல், கருங்கல் அல்லது கான்கிரீட்டில் கட்டியதாக இருக்க வேண்டும். தரைத்தளமாக இருக்க வேண்டும். அண்டர்கிரவுண்டும் கூடாது, இடைத்தட்டு மாடியும் கூடாது. கடையின் பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, 25 சதுர மீட்டரைத் தாண்டவும் கூடாது. உள்ளே நுழைய ஒரு வழி, அவசரத்துக்கு வெளியேற இன்னொரு வழி. இரண்டு கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். மேல்மாடியில் யாரும் குடியிருக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ, லிஃப்ட் பக்கத்திலோ கூடாது. எரியக்கூடிய அல்லது ஆபத்தான பொருள் வைத்திருக்கும் வேறு கடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைத்தெருவை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு. ஒரே ஷட்டர்தான் வாசல், பின்னால் சுவர். இடப்பக்கம் டீக்கடை, வலப்பக்கம் பெயின்ட் கடை. இந்த விதியில் தேறும் கட்டடங்கள் ஒரு தெருவுக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் பெரிது. ஷட்டர் ஒன்றே வழியாக இருக்கும் கடையை நான் பார்க்கவே சொல்ல மாட்டேன். முன்பக்கம் தீப்பிடித்தால் உள்ளே நிற்பவருக்குப் போக இடமே கிடையாது.

பக்கத்துக் கடையைப் பற்றி விதி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடையில் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பட்டாசைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். அடுத்த கட்டடத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்து, வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். 2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் கடைத்தெருவில் இருந்த பட்டாசுக் கடை எரிந்தபோது, அடுத்திருந்த பேக்கரியின் கேஸ் சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்தன. அங்கேயும் உயிர்கள் போயின. இடம் பார்க்கும்போது உங்கள் கடையை மட்டும் பார்க்காதீர்கள். இடமும் வலமும் மேலேயும் பின்னாலும் என்ன இருக்கிறது, அங்கே எந்த நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பாருங்கள்.

மைதானம் என்றால் விதி 84. முதல்முறை போடுகிறவருக்கு என் யோசனை எப்போதும் இதுதான். ஷெட் தீப்பிடிக்காத பொருளால் செய்ததாக இருக்க வேண்டும், நடைமுறையில் தகர ஷீட். கீற்றுக் கொட்டகையும் துணிப்பந்தலும் நிச்சயம் கூடாது. வேண்டாதவர்கள் உள்ளே வர முடியாதபடி மூடிப் பூட்டும் வசதி வேண்டும். ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. ஷெட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. வீடு, பள்ளி, மருத்துவமனை, தியேட்டர், தொழிற்சாலை என்று ஆட்கள் வசிக்கும் அல்லது கூடும் இடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. கடைகளிலிருந்து 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டக் கூடாது.

இந்த 50 மீட்டரைக் கண்ணால் அளக்காதீர்கள். நான் முதல் வருடம் அப்படித்தான் அளந்தேன். நாலைந்து பேராகச் சேர்ந்து ஊர் ஓரத்தில் ஒரு காலி இடத்தைப் பிடித்திருந்தோம். ஆய்வுக்கு வந்த தீயணைப்பு நிலைய அலுவலர் ஒன்றும் பேசவில்லை. டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு மறுநுனியோடு நடந்தார். சாலையோரம் ஒரு அம்மா இட்லிக்கடை வைத்திருந்தார், பின்னாலேயே அவருடைய குடியிருப்பு. நாங்கள் குறித்து வைத்திருந்த முதல் ஷெட்டிலிருந்து அந்த வீட்டுச் சுவருக்கு 34 மீட்டர். வெளியே விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அலுவலர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காத்து இந்தப் பக்கம்தாம்ப்பா அடிக்குது" என்றார். அவ்வளவுதான். ஷெட் வரிசையை மொத்தமாகப் பின்னுக்குத் தள்ளி, வரைபடத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். பத்து நாள் போனது. அந்தப் பத்து நாளுக்காக அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று அந்த மனிதரைப் பார்த்தால் கும்பிடுவேன்.

பெரிய ஊர்களில் பல கடைகளை ஒரே மைதானத்தில் வைக்க ஏற்பாடு செய்வார்கள். சென்னை தீவுத்திடலில் தீபாவளிக்குப் போடும் பட்டாசுச் சந்தை அப்படிப்பட்டது. உங்கள் ஊரில் வணிகர் சங்கம் அப்படி ஏதாவது செய்கிறதா என்று விசாரியுங்கள். தனியாக இடம் தேடுவதைவிடப் பல தலைவலிகள் குறையும்.

காகிதங்கள்

விண்ணப்பம் கேட்டு ஒவ்வொரு மாவட்டத்திலும் தீபாவளிக்கு முன்பே செய்திக்குறிப்பு வரும். கடைசித் தேதி அதில் இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு போனால் வாங்கவே மாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. இப்போது விண்ணப்பம் இணைய வழியில், இ-சேவை மையம் மூலமாக வாங்கப்படுகிறது. பொதுவாகக் கேட்பவை இவை:

- கடையின் வரைபடம். கடையின் நீள அகலம், வழிகள், சுற்றிலும் என்ன இருக்கிறது, சாலை எங்கே என்பதெல்லாம் காட்டியது.
- சொந்த இடம் என்றால் பத்திர நகல். வாடகை என்றால் உரிமையாளரின் பத்திர நகலோடு, முத்திரைத்தாளில் அவருடைய சம்மதம் அல்லது வாடகை ஒப்பந்தம்.
- நடப்பு ஆண்டுக்கான சொத்துவரி ரசீது.
- உங்கள் ஆதார், ரேஷன் கார்டு போன்ற முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்.
- உரிமக் கட்டணம் கட்டிய சலான். எவ்வளவு என்று மாவட்ட அறிவிப்பில் இருக்கும். அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இதில் எல்லோரும் அசட்டையாகச் செய்வது வரைபடம். நோட்டுத்தாளில் நாலு கோடு போட்டுக் கொடுப்பார்கள். ஒரு கட்டட வரைவாளரிடம் கொடுத்து அளவோடு வரைந்து வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையோ வீட்டையோ வரைபடத்திலிருந்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்.

விண்ணப்பம் போன பிறகு அது கலெக்டர் அலுவலகத்திலிருந்து மூன்று பக்கம் பிரியும். வருவாய்த் துறையில் கோட்டாட்சியர், தாசில்தார், அப்படியே ஆர்.ஐ., வி.ஏ.ஓ. வரை இறங்கும். போலீஸ் உங்கள் பேரில் வழக்கு ஏதும் இருக்கிறதா, அந்த இடத்தில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் வருமா என்று பார்க்கும். தீயணைப்புத் துறை இடத்தை நேரில் பார்த்துத் தடையின்மைச் சான்று தரும். மூன்று அறிக்கைகளும் திரும்பி வந்த பிறகுதான் உரிமம். எங்கே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். தவறே இல்லை, நல்ல அலுவலர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உரிமம் மறுக்கப்பட்டால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. ஆனால் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மேல்முறையீடு போய் என்ன பயன்? அதனால்தான் ஆடியிலேயே டேப்பை எடுக்கச் சொல்கிறேன்.

இன்னொருவர் பேரில் இருக்கும் உரிமத்தை "வாடகைக்கு" எடுத்து நடத்தலாம் என்று ஒரு ஆள் கண்டிப்பாக உங்களிடம் வருவார். வேண்டாம். உரிமத்தில் பேர் உள்ளவர்தான் கடைக்குப் பொறுப்பு. அது கை மாற்றிக்கொள்ளும் பொருள் கிடையாது.

உரிமத்தில் உள்ள கிலோ

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எல்.இ-5 உரிமத்தில் மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கக்கூடிய அளவுக்கு மேல்வரம்பு இருக்கிறது. சீன வெடி என்று விதி சொல்லும் சின்ன வெடி வகை, கம்பி மத்தாப்பு இவை 500 கிலோ வரை. மற்ற பட்டாசுகள், அதாவது புஸ்வாணம், சக்கரம், ராக்கெட், பேன்சி ரகங்கள் இவை 100 கிலோ வரை. உங்கள் உரிமத்தில் இதைவிடக் குறைவாகவும் எழுதியிருக்கலாம். எழுதியிருப்பதுதான் கணக்கு.

அந்த 100 கிலோ எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று புதியவர்களுக்குத் தெரியாது. இப்போது வாங்க வருகிறவர்கள் எல்லாம் பேன்சி ரகம்தான் கேட்கிறார்கள், மேலே போய் விரியும் ஷாட்கள்தான் வேகமாக ஓடும். ஒரு மினி லாரி நிறையச் சரக்கு வந்து இறங்கினால், இறங்கிய நிமிடத்திலேயே நீங்கள் உரிமத்தை மீறியவர். அதனால் கொள்முதலைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் லோடு கொஞ்சம், அது விற்ற பிறகு அடுத்த லோடு. மொத்த வியாபாரியிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, மூன்று தவணையாக வேண்டும் என்று பேசிவிடுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் சம்மதிப்பார். கடையில் ஒரு எடைத்தராசும் இருப்புப் பதிவேடும் வையுங்கள். தினமும் காலையில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது என்று கிலோவில் எழுதுங்கள்.

2023 அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை, குடோனோடு சேர்ந்து எரிந்தது. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். உரிமத்தில் இருந்ததைவிட மிக அதிகமான சரக்கு உள்ளே இருந்தது என்று விசாரணையில் வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பையன்கள். தீபாவளிக்கு முன் சில நாள் வேலை செய்தால் கையில் காசு கிடைக்கும் என்று தர்மபுரி பக்கமிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் போனவர்கள், அவர்களில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். உங்கள் கடைக்கும் அப்படித்தான் பையன்கள் வருவார்கள். "அண்ணே, நாலு நாள் நிக்கிறேண்ணே" என்று கேட்பார்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பட்டாசு தொடும் வேலைக்கு வைக்கவே கூடாது, சட்டம் அதைத் தடுக்கிறது. வயது நிறைந்தவர்களை வைத்தாலும், உள்ளே எத்தனை கிலோ இருக்கிறது, தீ என்றால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று முதல் நாளே நடந்து காட்டுங்கள். சொல்வது போதாது, நடந்து காட்டுங்கள்.

என்ன சரக்கு வாங்கலாம்

அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று சொன்ன தீர்ப்புதான் இன்றுவரை அடிப்படை. பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம். பேரியம் உப்பு கலந்த பட்டாசு கூடாது. சரவெடி கூடாது. இணையதளம் வழியாக விற்கக் கூடாது. 2021-ல் அதே நீதிமன்றம் இதை மறுபடியும் வலியுறுத்தியது.

சரவெடி பற்றிச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். "ஆயிரம் வாலா இல்லாம தீபாவளியா" என்பார்கள், பக்கத்துக் கடையில் தொங்குவதையும் காட்டுவார்கள். எனக்கும் சரம் வெடித்து வளர்ந்த பழக்கம்தான். ஆனாலும் உங்கள் கடையில் வைக்காதீர்கள். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

பசுமைப் பட்டாசு என்பது நீரி என்ற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலவை முறையில் செய்தது. வழக்கமான பட்டாசைவிடத் துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறையும் என்பது அதன் கணக்கு. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று அதில் வகைகள் உண்டு. பெட்டியின் மேல் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூ.ஆர். கோடும் இருக்கும். கொள்முதல் செய்யும்போது ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டியை எடுத்து, போனில் அந்தக் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். முத்திரை மட்டும் அச்சடித்து, கோடு எங்கேயும் போகாத பெட்டிகளும் சந்தைக்கு வருகின்றன. பெட்டியில் தயாரிப்பாளர் பேர், முகவரி, உரிம எண் இல்லையென்றால் தள்ளி வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

சத்தத்துக்கும் அளவு இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக வரும் பட்டாசு இன்னொரு ஆபத்து. குளோரேட்டும் கந்தகமும் கலந்த பட்டாசுக்கு இந்தியாவில் 1992 முதலே தடை. அந்தக் கலவை லேசான உராய்விலேயே பற்றிக்கொள்ளும். பண்டலைத் தூக்கி எறிகிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது எமன்.

பில் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள். பட்டாசுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பில் உங்கள் கையில் இருந்தால்தான் சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியும்.

சரக்கைக் கொண்டுவருவதற்குப் பட்டாசு ஏற்றும் முறையான லாரி சர்வீஸைப் பயன்படுத்துங்கள், பில்லும் உரிம நகலும் வண்டியோடு வரட்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு பெட்டிகூடக் கூடாது. ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. துணிப்பைக்குள் மறைத்து எடுத்து வருவது ஒரு ரயில்பெட்டியில் இருக்கும் எழுபது எண்பது பேரின் உயிரோடு விளையாடுவது.

கடை நடக்கும் நாட்கள்

மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன். தற்காலிக இணைப்பை மின்வாரியத்தில் முறையாக வாங்குங்கள், கொக்கி போடாதீர்கள். விளக்குகள் சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். ஒயரில் பல்பைத் தொங்கவிடக் கூடாது என்று விதியே தனியாகச் சொல்கிறது. ஏன் என்று ஒரு மழை நாளில்தான் எனக்குப் புரிந்தது. ஐப்பசி மழை, காற்று வேறு. எங்கள் வரிசையில் ஒரு கடையில் கூரைக் கம்பியில் கட்டி இறக்கியிருந்த பல்பு ஊசல் மாதிரி ஆடி, கடைசியில் அடுக்கின் உச்சியில் இருந்த மத்தாப்புப் பெட்டியில் போய் மோதி நின்றது. பல்பு உடையவில்லை. சூடான கண்ணாடி பட்ட இடத்தில் அட்டையில் காசளவுக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. அந்தக் கடைக்காரர் அந்தப் பெட்டியை விற்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு கடைக்கும் சுவரில் பொருத்திய சுவிட்ச், வரிசைக்கு ஒரு மெயின் சுவிட்ச். மெயின் எங்கே இருக்கிறது என்று எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் விளக்கு, பெட்ரோமாக்ஸ், ஊதுபத்தி, சூடம் எதுவும் ஷெட்டுக்குள்ளோ பக்கத்திலோ கூடாது. கடை திறக்கும் பூஜையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

தீயணைப்புக் கருவி, மணல் வாளிகள், டிரம்மில் தண்ணீர் இவற்றை வாசல் பக்கம், கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கருவியின் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஊசி பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். தீயணைப்புத் துறை எண் 101, பொது அவசர எண் 112. இரண்டையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வாங்க வருகிறவர் "ஒண்ணு கொளுத்திக் காட்டுங்களேன்" என்று கேட்பார். காட்டவே கூடாது. குழந்தைகள் தனியாகக் காசோடு வந்தால், அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவரச் சொல்லுங்கள். உரிமத்தின் நகலைக் கடை முகப்பில் மாட்டி வையுங்கள்.

வெடிக்கும் நேரமும் வாங்குகிறவர்களுக்குத் தெரியட்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளி அன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி அறிவிக்கிறார்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்ற அமைதி மண்டலங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. பில்லோடு இதை அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், ஒரு துண்டுச்சீட்டுக்கு என்ன செலவாகிவிடப்போகிறது.

சோதனைக்கு வந்தால்

தாசில்தார், போலீஸ், தீயணைப்புத் துறை, பெசோ அதிகாரிகள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லாமல் வரலாம். உள்ளே வந்து பார்க்கவும், சரக்கைப் பறிமுதல் செய்யவும் வெடிபொருள் சட்டம் அதிகாரம் தருகிறது. வந்தால் பதற வேண்டாம். ஒரு ஃபைலில் உரிமம், அனுமதித்த வரைபடம், கொள்முதல் பில்கள், இருப்புப் பதிவேடு நான்கையும் வைத்திருந்து எடுத்துக் கொடுங்கள். குறை ஏதாவது சொன்னால் எழுதிக் கேளுங்கள், அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

உரிமம் இல்லாமல் விற்றாலோ, உரிமத்தின் நிபந்தனையை மீறினாலோ வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் வைத்துப் பட்டாசு செய்தால் 3 ஆண்டு வரை. வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து வரச் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 288-வது பிரிவு தனியாக வரும். 3,000 ரூபாய்தானே என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கு ஒன்று பேரில் ஏறிவிட்டால் அடுத்த வருடம் போலீஸ் அறிக்கையில் அது நிற்கும்.

மிச்சமான சரக்கு

தீபாவளி முடிந்த மறுநாள் எல்லோரும் அசந்து தூங்குவார்கள். ஆபத்து அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வருகிறது. உரிமம் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தான். அந்தத் தேதி முடிந்த பிறகு மிச்சச் சரக்கு உங்கள் கையில் இருந்தால், அது உரிமம் இல்லாத சரக்கு. "கார்த்திகைக்கு விக்கலாம்", "அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று பரணில் ஏற்றாதீர்கள். ஈரம் ஏறிய பட்டாசு எப்படி நடந்துகொள்ளும் என்று செய்தவருக்கே தெரியாது.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே, பிரிக்காத பண்டலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று மொத்த வியாபாரியிடம் பேசி, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நிரந்தர உரிமம் உள்ள உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவருடைய உரிம அளவுக்குள் இடம் இருந்தால் எடுத்துக்கொள்வார். விலை கொஞ்சம் அடிபடும், பரவாயில்லை. நனைந்ததும் பிரிந்ததும் தனியாகத் தண்ணீரில் ஊறட்டும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்த வேண்டாம். அதை எப்படி அப்புறப்படுத்துவது என்று தீயணைப்பு நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

ஷெட்டைக் கழற்றுவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, மெதுவான துடைப்பத்தால் பெருக்குங்கள். தகரத்தை இழுக்கும்போது பறக்கும் ஒரு பொறிக்கு, தரையில் சிந்திய கைப்பிடி மருந்து போதும். அப்புறம் மின் இணைப்பைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, அந்த ரசீதையும் இருப்புப் பதிவேட்டையும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த ஆடியில் தேவைப்படும்.